ஐஸ் ஹவுஸில் ஜன்னல் வைத்தவர்

திருவல்லிக்கேணி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்" என்று கத்துவார், பத்துப் பேர் இறங்குவார்கள். அதில் ஒருத்தர்கூட ஐஸ் தேடி இறங்குவதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். ஆனால் அந்த இடத்தில் ஐஸ் விற்பது நின்று நூற்று நாற்பது வருஷம் ஆகிவிட்டது!

பெயர் வந்தது கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தால். முகப்பு வளைந்து, அடுக்கடுக்காய் வராந்தாக்களோடு கடலைப் பார்த்து நிற்கும் கட்டடம். விவேகானந்தர் தங்கிய வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். அது வீடே இல்லை, முதலில் ஒரு குடோன் என்பதும் பலருக்குத் தெரியும். குடோன் எப்படி வீடாகியது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

முதலில் ஐஸ் கதை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி வெயில் ஊர்களுக்கு விற்றால் என்ன என்று யோசித்தார். ஊரே சிரித்தது. 1833-ல் அவருடைய ஐஸ் ஏற்றிய 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ஏற்றியது 180 டன். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நாலு மாதம் கழித்து வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அவ்வளவு உருகியும் வியாபாரம் நடந்தது!

காரணம் எளிது. சரக்கு ஏரியில் சும்மா கிடக்கிறது. மரத்தூள் மர அறுவை மில்லில் கழிவு. இந்தியாவுக்கு வரும் கப்பலோ வரும்போது போதிய சரக்கில்லாமல் அடிப்பாரத்துக்குக் கல் ஏற்றி வரும். கல்லுக்குப் பதில் ஐஸ் ஏற்றினால் கப்பல்காரனுக்கும் லாபம். செலவு வைத்தது இரண்டுதான்: ஆள் கூலியும், வந்திறங்கிய சரக்கு கரையில் உருகாமல் இருக்க ஒரு கட்டடமும்.

அந்தக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று ஊர்களில் டியூடர் கம்பெனி ஐஸ் ஹவுஸ் இருந்தது. சென்னையில் 1842-ல் வந்தது. வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோ, தன் குளத்தில் கம்பெனி ஆட்கள் ஐஸ் அறுப்பதைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகும் ஊர்களின் வரிசையில் சென்னையையும் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

ஐஸுக்குக் கட்டும் கட்டடம் மனுஷனுக்குக் கட்டும் கட்டடத்துக்கு நேர் எதிர். சுவர் தடிமனாக இருக்க வேண்டும். வெயில் வரக்கூடாது. காற்றும் வரக்கூடாது. திறப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உருகிய தண்ணீர் வெளியே போக வழி இருந்தால் போதும்.

1870களில் நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் இந்தியாவிலேயே தொடங்கின. அத்தோடு கப்பல் ஐஸ் கதை முடிந்தது. 1880 வாக்கில் டியூடர் கம்பெனியின் இந்திய வியாபாரம் படுத்துவிட்டது. கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று சொல்லித் தருவார்கள், ஒரு சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று. இங்கே அப்படி இல்லை. சுவரில் ஒரு விரிசல் இல்லை, கூரையில் ஒரு ஓட்டை இல்லை, ஆனாலும் எங்கோ ஒரு மெஷின் ஓடத் தொடங்கியதும் கட்டடத்தின் பயன் ஒரே அடியில் பூஜ்யம்!

இந்த நிலைமை சென்னைக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்ஸின் மலைக் கிராமங்களில் வைக்கோலுக்கும் மாட்டுக்கும் கட்டிய பழைய கல் களஞ்சியங்கள் நிறைய உண்டு. கீழே மாடு, மேலே வைக்கோல், தடித்த கல் சுவர், ஜன்னல் என்று சொல்ல முடியாத சின்னச் சின்ன இடுக்குகள். விவசாயம் குறைந்ததும் அவை காலியாகின. பல வெறுமனே இடிந்து விழுந்தன. பலவற்றை டவுன்வாசிகளும் வெளிநாட்டுக்காரர்களும் வாங்கி வீடாக மாற்றினார்கள். மாற்ற ஆரம்பித்ததும் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான்: வெளிச்சம் வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். உடைத்தால் அது களஞ்சியமாக இருக்காது. உடைக்காவிட்டால் அதில் மனுஷன் இருக்க முடியாது.

திருவல்லிக்கேணியில் இந்தக் கேள்வியை முதலில் சந்தித்தவர் பிலிகிரி ஐயங்கார். ஹைகோர்ட் வக்கீல். ஐஸ் ஹவுஸை வாங்கி, ஜன்னல்கள் வைத்து, வளைந்த வராந்தாக்கள் கட்டி வீடாக்கினார். தனக்கு வேண்டிய நீதிபதி கெர்னன் பெயரால் அதற்கு 'காசில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். இன்று படம் பிடிக்கிறவர்கள் எல்லாம் படம் பிடிக்கும் அந்த வராந்தா ஐஸ் கம்பெனி கட்டியதில்லை, இவர் கட்டியது!

ஆனால் ஒரு விஷயம். இவ்வளவு செய்தும் வீடு வசதியாக அமையவில்லை. காற்றோட்டம் போதவில்லை. எதிரே வங்காள விரிகுடா முழுக்கக் காற்று வீசிக்கொண்டிருக்க, உள்ளே புழுக்கம். காற்றை உள்ளே விடக்கூடாது என்றே கட்டிய சுவர், ஜன்னல் வைத்துவிட்டதால் மட்டும் மாறிவிடுமா? பழைய கட்டடத்தை வாங்குகிறவர்கள் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்ற பிடிவாதம் சுவருக்குள் உட்கார்ந்திருப்பது குடிபோன பிறகுதான் தெரியும்.

ஐயங்கார் அந்த வீட்டில் ஏழை மாணவர்களைத் தங்கவைத்தார். 1897 பிப்ரவரி 6-ம் தேதி மேலை நாட்டுப் பயணம் முடித்துச் சென்னை வந்த விவேகானந்தரும் அங்கேதான் ஒன்பது நாள் தங்கினார். அவர் அனுப்பி வைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அதே வருஷம் வந்து அங்கே மடத்தைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடம் வேர்விட்டது ஒரு பழைய ஐஸ் குடோனில் என்று சொன்னால் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அதுதான் உண்மை.

1902-ல் ஐயங்கார் காலமானார். 1906-ல் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. ராமகிருஷ்ணானந்தர் பின்னால் இருந்த சிறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டார். 1907-ல் மடம் மயிலாப்பூருக்குப் போய்விட்டது. அவ்வளவு பாடுபட்டு ஜன்னல் வைத்தவருடைய வீடு, அவர் போய் நாலு வருஷத்தில் கைமாறிப் போனது. வரவு செலவு பார்த்தால் நல்ல முதலீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அவர் வைத்த ஜன்னலுக்கு அடுத்த தலைமுறையில் ஆள் வந்தது. 1917-ல் அரசாங்கம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய விதவைப் பெண்களுக்கான விடுதி அங்கே இயங்கியது. சுப்புலட்சுமி தாமே சிறு வயதில் விதவையானவர். 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வீட்டுக்குள் போன காலம் அது. பத்துப் பதினைந்து வயதில் தலை மழிக்கப்பட்டு, அடுக்களை மூலையில் ஆயுள் முழுக்க உட்கார வேண்டியிருந்த பெண்கள் இங்கே தங்கிப் படித்து டீச்சர் ஆனார்கள். பக்கத்திலேயே 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் பிறகும் ஐஸ் ஹவுஸ் பல வருஷம் விடுதியாகவே இருந்தது.

வீட்டில் வாசலுக்குக்கூட வரக்கூடாது என்று வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வராந்தாவில் நின்றால் எதிரே கடல். காற்றோட்டம் போதாது என்று ஒரு வக்கீல் குடும்பத்துக்குச் சரிப்படாத வீடு, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது அரசு அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. 1997-ல் கட்டடம் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. பழுது பார்த்து 1999-ல் கண்காட்சி திறந்தார்கள். ஏலத்தில் வெளியேறிய மடம் தொண்ணூறு வருஷம் கழித்து அதே படியேறி வந்தது.

சரி, கல்கத்தா, பம்பாய் ஐஸ் ஹவுஸ்கள் என்ன ஆயின? இரண்டுமே இல்லை. இடித்தாகிவிட்டது. மூன்றில் மிஞ்சியது சென்னை மட்டும்தான். அது பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டதால் மிஞ்சவில்லை. யாரோ ஒருவர் அதை உடைத்து ஜன்னல் வைத்ததால் மிஞ்சியது. ஜன்னல் இருந்ததால் ஆள் இருந்தது, ஆள் இருந்ததால் இடிக்க வேண்டிய தேவை வரவில்லை. 'பழைய மாதிரியே இருக்க வேண்டும்' என்று பிலிகிரி ஐயங்கார் நினைத்திருந்தால் இன்று அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அப்படியானால் பழைய கட்டடத்தை இஷ்டத்துக்கு உடைக்கலாமா? அதுவும் இல்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்குப் பதில் அதே கடற்கரைப் பக்கம், சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1768-ல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எரிந்த கூரையையும் சுவரையும் பார்த்து இடித்துவிடலாம் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே மீட்டுக் கட்டியது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. பக்கத்தில் கூரை விழுந்து கிடந்த ஹுமாயூன் மஹாலிலும் அதே மாதிரி வேலை நடந்தது.

பழைய முறை என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பதப்படுத்தும் காரை. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு அடித்துக் கெட்டிப்படுத்தும் தளம். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், சிமென்ட் பூசினால் ஆகாதா? ஆகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். கடல் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். பிரான்ஸில் கல் களஞ்சியம் புதுப்பிக்கிறவர்களுக்கும் அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் புத்திமதி இதேதான்: சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பு போடு.

ஆக, கட்டடத்தின் உபயோகத்தை மாற்றலாம். அறையை மாற்றலாம், ஜன்னல் வைக்கலாம். சுவர் மூச்சு விடுவதை மட்டும் நிறுத்தக்கூடாது.

இப்போது பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், மெட்ராஸ் டெரஸ் என்று இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. வீட்டுக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும், மழை வந்தால் ஒழுகுகிறது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. பில்டர் வந்து ஆளுக்கொரு ஃப்ளாட் தருகிறேன் என்கிறார். இந்தக் கணக்கில் திண்ணைக்கு இடமில்லை. 'பாரம்பரியம்' என்ற வார்த்தை அந்தக் கணக்கில் ஒரு பைசா வரவு காட்டாது.

வரவு காட்ட ஒரு வழிதான் உண்டு. அந்த வீட்டில் இன்றைக்கு ஒருவர் இருக்க முடிய வேண்டும். முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டோ, ரேழியைக் கடையாக்கியோ, மாடியை மாணவர் விடுதியாக்கியோ. பார்க்கிறவர்கள் 'ஐயோ, பழைய அழகு போச்சே' என்று சொல்லலாம். 'காசில் கெர்னன்' கட்டும்போதும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அடுத்த முறை ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் இறங்கினால் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துபோய் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். விவேகானந்தரை நினைத்துக்கொள்ளுங்கள், சுப்புலட்சுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்த ஜன்னல்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.