பிள்ளைக்கு ஒரு பல்

அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பல்லைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். 'வாயைத் திற' என்று நேராகக் கேட்பது மாடு வாங்குகிறவன் செய்கிற காரியம். ஆகையால், "ஒரு பாட்டுப் பாடேன், அம்மா" என்பார்கள். சாரீரமும் தெரிந்துவிடும், பல்வரிசையும் தெரிந்துவிடும். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து அந்தப் பல்லைப் பற்றி ஒருவருக்கும் கவலை கிடையாது. ஆடினாலும், ரத்தம் கசிந்தாலும், விழுந்தாலும் அது அவள் பாடு. அவள் வாயும் வயிறுமாக இருக்கும்போது வருகிற பல் உபத்திரவத்துக்கோ கிராமத்தில் ஒரு வேதாந்தமே உண்டு: பிள்ளைக்கு ஒரு பல்லைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று.

இது நமக்கு மட்டும் சொந்தமான வேதாந்தம் அல்ல. ஐரோப்பாவிலும் பாட்டிமார்கள் இதையேதான் சொல்லி வந்திருக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற சிசு தன் எலும்புக்காகத் தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தப்பு. பல்லில் சேர்ந்துவிட்ட சுண்ணாம்புச் சத்து மறுபடி ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. சிசுவுக்கு வேண்டியது தாய் சாப்பிடுகிற பாலிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும் கீரையிலிருந்தும் போகிறது; அது போதாவிட்டால் அவளுடைய எலும்பிலிருந்து போகும். பல்லை அது தொடுவதே இல்லை.

பின்னே பல் ஏன் கெடுகிறது? கர்ப்ப காலத்தில் அதிகமாகச் சுரக்கிற ஹார்மோன்களால், பல்லிடுக்கில் படிகிற அழுக்கை ஈறு முன்போலப் பொறுத்துக்கொள்வதில்லை. வீங்கிச் சிவந்து, தொட்டால் ரத்தம் வருகிறது. 100 கர்ப்பிணிகளில் 60 முதல் 75 பேருக்கு இந்த வீக்கம் உண்டு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. ரத்தத்தைக் கண்டு பயந்து அவள் பல் தேய்ப்பதையே நிறுத்திவிடுகிறாள்; அழுக்கு இன்னும் சேருகிறது. போதாக்குறைக்கு மசக்கை வாந்தி. வயிற்றிலிருந்து வருகிற அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. மாங்காய், புளி, அப்புறம் வாய்க்கசப்புக்கு மிட்டாய் என்று நாள் முழுக்க ஏதாவது மென்றுகொண்டிருந்தால் சொத்தைக்குக் கேட்க வேண்டுமா?

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அங்கன்வாடியில் நடந்த சமுதாய வளைகாப்புக்கு ஒரு தடவை போயிருந்தேன். சர்க்கார் செலவில் வளையல், சந்தனம், குங்குமம், சித்திரான்னம் எல்லாம் அமர்க்களப்பட்டன. சாப்பாட்டுக்கு முன்னால் கிராம சுகாதார செவிலியர் எழுந்து பல்லைப் பற்றிப் பேசினாள். படம் காட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து, முட்டை ஓட்டை அதில் போட்டாள். ஓடு பொரிந்து நுரைத்தது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாந்தி எடுத்த கையோட பல்லு தேய்க்காதீங்க. ஒரு தம்ளர் தண்ணியிலே ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு வாயைக் கொப்புளிங்க. அரை மணி கழிச்சு, மெதுவான பிரஷ்ஷாலே தேய்ங்க. சாம்பலும் செங்கல் பொடியும் வேண்டாம். ரத்தம் வந்தாலும் தேய்க்கிறதை விடாதீங்க" என்றாள்.

பின்வரிசையில் இருந்த கிழவி சிரித்தாள். "ஏழு பெத்தேன், நர்ஸம்மா. ஏழு பல்லு போச்சு. கணக்கு நேராப் போச்சு. வாயும் வயிறுமா இருக்கிறவளைப் பல்லாசுபத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போகலாமா?"

"போகலாம், ஆத்தா. முழுகாம இருக்கான்னு டாக்டர் கிட்ட முதல்லே சொல்லிடணும். நாலாம் மாசத்திலேருந்து ஆறாம் மாசம் வரைக்கும் சௌகரியம். வலி பொறுக்கலேன்னா எந்த மாசத்திலேயும் போகலாம். மரத்துப்போக ஊசி போட்டாலும் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. கடையிலே வலி மாத்திரையை வாங்கி முழுங்கறதும், புகையிலையை அடக்கிக்கிறதும்தான் ஆபத்து."

கிழவி மசியவில்லை. செவிலியர் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "பல்லைக் கவனிக்கலேன்னா குழந்தை எட்டு மாசத்திலேயே பிறந்துடும்!"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் அவளிடம் தனியாக, அப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். "உனக்காகன்னு சொன்னா யாரும் கேட்கமாட்டாங்க, ஐயா. குழந்தைக்குன்னா நடுராத்திரியிலே எழுந்திரிச்சுக்கூடப் பல்லு தேய்ப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது மனுஷ சுபாவத்தைப் பொறுத்த வரையில் நிஜம். விஷயத்தைப் பொறுத்த வரையில் பாதி நிஜம். ஈறு நோய் உள்ள தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் 2006இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த, 823 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், ஈறுக்கு வைத்தியம் செய்ததால் குறைப்பிரசவம் குறையவில்லை. ஈறு குணமாயிற்று, வைத்தியத்தால் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதலும் இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பாதி நிஜத்தை நல்ல காரியத்துக்காகச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருத்திக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்குபேட்டருக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறவளைப் பார்த்து மாமியார் என்ன சொல்லுவாள்? "நர்ஸம்மா அன்னிக்கே சொன்னாளே, பல்லைத் தேய்ச்சியா?" என்பாள். நல்லதற்கென்று சொன்ன வார்த்தை ஒரு தாயின் தலையில் ஆயுசுக்கும் பழியாக ஏறிவிடும். கிராமத்துப் பெண்ணின் தலையில் ஏற்கெனவே இருக்கிற பழிகள் போதாதா?

பயமுறுத்தாமல் சொல்ல உண்மையே நிறைய இருக்கிறது. தாயின் வாயிலுள்ள சொத்தைக் கிருமி, அவள் ருசி பார்த்த கரண்டியிலும் மென்று ஊட்டிய சோற்றிலும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. தாயின் பல் சுத்தமாக இருந்தால் பிள்ளையின் பல்லுக்கும் அது காப்பு. இது நிஜம், இதைச் சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்லவேண்டிய நிஜம் ஒன்று உண்டு: வலிப்பது அவளுக்கு. ராத்திரி தூக்கமில்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பவள் அவள். சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறவள் அவள். வைத்தியத்துக்கு இந்தக் காரணம் போதாதா?

ஆணுக்குப் பல் வலித்தால், அதனால் அவன் பிள்ளைக்கு என்ன லாபம் என்று யாரும் விசாரிப்பதில்லை. வலிக்கிறது, போகிறான்.

2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி சர்க்கார் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிற ஏற்பாடு இருக்கிறது. எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். "வாயையும் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்க அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும். மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் காத்திருக்கிற புருஷன் உள்ளே வந்து அவளுக்காக இந்த ஒரு வார்த்தையைக் கேட்கலாம்.