கையைத் தேடி வரும் பலகை!

தங்மார்கில் டாக்ஸிக்காரர் இறங்கி டயருக்கு இரும்புச் சங்கிலி மாட்டும்போதே நமக்கு வயிற்றில் 'கடமுடா' ஆரம்பித்துவிடுகிறது. அங்கிருந்து 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் காஷ்மீரத்து குல்மார்க். உயரம் சுமார் 8,700 அடி. குதிரைக்காரர்கள், சறுக்கு வண்டிக்காரர்கள் எல்லோரும் 'ஸார்... ஸார்...' என்று மொய்ப்பார்கள். கல்யாண வீட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுத் தாண்டி வந்தால், ஓரமாக நாலைந்து பையன்கள் பனியை வாரிக் குவித்து மேடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். குதிப்பதற்கு!

காலில் ஸ்நோபோர்ட். பழகுவது 'மெதட்'. பக்கவாட்டில் நின்றபடி சறுக்கி வந்து, மேட்டு விளிம்பில் ஒரே எம்பு. அந்தரத்தில் முழங்காலை மடக்கி, பலகையை முதுகுக்குப் பின்னால் தூக்கி, முன்னால் இருக்கும் கையால் அதன் குதிகால் பக்கத்து விளிம்பைப் பிடிக்க வேண்டும். நெஞ்சு நிமிர, இன்னொரு கை விரிய, வில் மாதிரி ஒரு கணம். அப்புறம் விட்டுவிட்டு இறங்க வேண்டும். நம் ஆபீஸில் இந்த நேரத்துக்குள் ஒரு பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டோம்.

புதுசாகப் பழகுகிறவர்கள் பலகையைப் பிடிக்கக் குனிகிறார்கள். குனிந்தால் போச்சு, மூக்குதான் முதலில் லேண்ட் ஆகும்! அதனால் சொல்லித்தரும் காஷ்மீரி இளைஞர் முதலில் பையன்களைப் பலகையோடு பனியில் முட்டிபோட வைத்து, பின்னால் நிற்கும் விளிம்பைப் பிடிக்கச் சொல்கிறார்.

"பலகையைத் தேடிக் கை போகக்கூடாது ஸாப். கையைத் தேடிப் பலகை வரணும்."

சரி, இத்தனை சிரமப்பட்டால் மார்க் வருமா? அதுதான் வேடிக்கை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனத்துப் பையன் ஸூ யிமிங் 1800 டிகிரி, அதாவது ஐந்து முழுச் சுற்று சுற்றித் தங்கம் வாங்கினான். நேராக எம்பிச் செய்யும் மெதட்டில் ஒரு சுற்றுகூடக் கிடையாது. ஆனாலும் டெர்யே ஹாகன்சன் என்ற நார்வேக்காரரின் மெதட்டைப் பற்றி இன்றும் சிலாகிக்கிறார்கள். 1998-ல் நகானோவில் ஸ்நோபோர்டிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, எதிர்ப்புத் தெரிவித்து 'வர மாட்டேன்' என்று வீட்டில் இருந்துவிட்ட ஆசாமி அவர்.

"பின்னே எதுக்கு பாய் இது?"

"சுத்தினா யார் வேணா எண்ணலாம் ஸாப். இது அப்படியில்லே. முகத்தை மூடியிருந்தாலும் தூரத்திலேர்ந்தே இன்னார்னு தெரியும்!"

பி.காம்.மில் 'குட்வில்' என்று படித்தோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து... அந்தக் கணக்கு!

பையன்களுக்குக் கவலை மார்க் இல்லை, பனிதான். 2024 ஜனவரியில் குல்மார்கில் பனியே இல்லை. காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனது. அதனால் பனி இருக்கிற நாளில் டீக்குக்கூட நகர மாட்டேன் என்கிறார்கள். குதித்து முடித்த கையோடு பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மறுபடி மேலே நடக்கிறார்கள்.

நாலு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் மேடு கல்லாக இறுகிவிட்டது. "போதும், இறங்குங்க!" என்று கத்துகிறார் குரு. மேலே ஒருத்தன் காதில் விழாத மாதிரி பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கிறான்.