ஒரு மணித்தியாலம்

"ப்ளேன்ல போனா எவ்வளவு நேரம் புள்ள?"

அம்மாயி கேட்டது போன வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபோனில் தேடினேன். கட்டுநாயக்காவில் இருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். "ஒரு மணித்தியாலந்தான் அம்மாயி."

அவ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வச்சா. கெலிஓயாவில் பஸ் ஏறி நுவரெலியா போகவே ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம் ஆகும். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா: "அப்ப ஏன் நான் இவ்வளவு நாளா போகல?"

திருச்சியைத் தாண்டி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவட தங்கச்சி இருக்கிறா. 1972இல் புருசன் வீட்டாரோட போனவ. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கட ஆக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரிச்சாங்க. எண்ணிக்கையைத்தான் பிரிச்சாங்க, ஆனா பிரிஞ்சது அக்காவும் தங்கச்சியும்.

கெலிஓயா ஸ்டேசனில் கோச்சி ஏத்திவிட்டது அம்மாயிக்கு இன்னும் நினைவிருக்கு. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். அப்படிப் போனவங்களில் நிறையப் பேருக்கு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைச்சது. இங்கே பறிச்ச கொழுந்தையே அங்கேயும் பறிச்சாங்க. யுத்தம் வந்ததும் கப்பலும் நின்னுபோச்சு.

சரி, கூட்டிட்டுப் போவோம் என்று நான் கணக்குப் போட்டேன். கெலிஓயாவில் இருந்து கடுகண்ணாவ இறங்கி எயார்போட்டுக்கு வேனில் மூன்றரை மணித்தியாலம். அங்கே மூன்று மணித்தியாலம் முன்னுக்கே நிக்கணும். திருச்சியில் இறங்கினா கோத்தகிரிக்கு இன்னும் 280 கிலோமீட்டர் போல, அதுவும் கடைசியில் மலை ஏறணும். ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம், தரையில் ஒரு முழுநாள்.

இது எதுவுமே பெரிய தூரமில்லை. பெரிய தூரம் எங்கட அலுமாரிக்குள்ளே இருந்தது. அம்மாயிட பிறப்புப் பதிவில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேற பேர். தோட்டத்தில் யாரோ கேட்ட மாதிரி எழுதிட்டுப் போன பேர். கடைசியாக மிஞ்சியிருந்தவங்களுக்குக் குடியுரிமை தந்த சட்டமே 2003இல்தான் வந்தது. அதுக்குப் பிறகும் இந்தப் பேர்ப் பிரச்சினை தீரல. சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், பேர் திருத்தம். ஒவ்வொரு தடவையும், "இன்னொரு கடதாசி கொண்டு வாங்க." எட்டு மாசம் போச்சு. அந்த எட்டு மாசத்தில் அங்கே சின்னம்மாயிக்கு ஒரு கண் முழுசாக மங்கிட்டு.

பாஸ்போட் போன மாசம் கைக்கு வந்தது. விசா எடுக்கணும், ரெண்டு டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வீடியோ கோலில் சின்னம்மாயி திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுச் சொன்னா: "அக்கா, எனக்கு இப்ப சரியா தெரியுதில்ல. நீ வந்தா தொட்டுப் பார்த்துக்குவேன்."

உங்கட வீட்டிலும் ஒரு அம்மாயியோ அப்பாயியோ இருந்தா, இண்டைக்கே அவங்கட பிறப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ரெண்டிலும் ஒரே பேர்தானா? இல்லையென்றால் இப்பவே திருத்தத் தொடங்குங்க. டிக்கெட்டை எப்பவும் வாங்கலாம்.