அம்புக்குறி காட்டிய வழி

மோட்டார் சைக்கிள் ராலி என்றதும் நேயர்களில் பெரும்பாலோருக்குப் புழுதியும் உறுமலும் தலைதெறிக்கும் வேகமுமே ஞாபகத்துக்கு வரும். நம் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. "நாற்பத்தைந்து வயதில் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பந்தயம் ஒரு கேடா?" என்று நமது மாமியார் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2023 டிசம்பரில் நாங்கள் கலந்துகொண்டது வேகப் பந்தயம் அல்ல. வேகமாய்ப் போனால் தோற்றுப் போகிற பந்தயம் அது!

ஏற்பாடு இதுதான். புறப்படுவதற்குச் சற்று முன் ஒரு வழிப்புத்தகம் கையில் தருவார்கள். அதில் ஊர்ப் பெயர்கள் அநேகமாய் இரா. கட்டம் கட்டமாகச் சிறு படங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரு புள்ளி, ஒரு அம்பு. புள்ளி நாம் நிற்கும் இடம். அம்பு போக வேண்டிய திசை. பக்கத்தில் துவக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், முந்திய கட்டத்திலிருந்து எத்தனை என்ற இரண்டு எண்கள். இந்தப் படங்களுக்குத் துலிப் படங்கள் என்று பெயர். நெதர்லாந்தில் 1949-இல் துவங்கிய துலிப் ராலி கொடுத்த பெயர் அது. இன்ன பகுதியை மணிக்கு இன்ன சராசரி வேகத்தில் கடக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். வழியில் எங்கோ மறைவாக ஒருவர் கடிகாரத்துடன் உட்கார்ந்திருப்பார். ஒரு விநாடி தாமதித்தால் ஒரு புள்ளி அபராதம். ஒரு விநாடி முந்தினால் இரண்டு. அவசரக்காரனுக்கு இரட்டைத் தண்டனை என்ற இந்த விதியைப் பள்ளிக்கூடங்களிலும் அமல் நடத்தலாமென்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

வண்டி ஓட்டுவது நாம். பின்னால் அமர்ந்து வழி சொல்வது நமது மைத்துனன். அவனைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பட்டயக் கணக்காளர் தேர்வில் மூன்று முறை தவறியவன். அதன் பிறகு வீட்டில் யாரும் அவனிடம் ஒரு கூட்டல் கழித்தல்கூடக் கேட்பதில்லை. கேட்டால் மனம் நோகுமே என்று சிலர். தப்பாகச் சொல்லிவிடுவானே என்று சிலர். அவனும் இரண்டு வருஷமாகத் தானாக எதையும் சொல்வதில்லை. இந்த ராலியிலோ முழுக்க முழுக்கக் கணக்குத்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி; 30 என்றால் 120 விநாடி. எண்கள் மாறிக்கொண்டே வரும். குலுங்குகிற வண்டியில் மனத்தாலேயே போட வேண்டும்.

சேலத்தில் அதிகாலையில் 41 வண்டிகள் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டன. நாங்கள் ஒன்பதாவது. முதல் 10 கிலோமீட்டர் அளவு பார்ப்பதற்கு. வழிப்புத்தகம் 10 என்று சொன்ன இடத்தில் எங்கள் மீட்டர் 10.2 காட்டியது. வண்டி மீட்டர்கள் பெரும்பாலும் சற்று மிகைப்படுத்திச் சொல்லும் சுபாவமுள்ளவை. மைத்துனன் உடனே ஒரு துண்டுக் காகிதத்தில் புத்தகத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எங்கள் மீட்டர் காட்டவேண்டிய எண்ணை எழுதத் துவங்கினான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

இராசிபுரம் தாண்டி, பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் கொல்லிமலை துவங்குகிறது. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வளைவு உற்சாகம். நாற்பதுக்கு மேல் தோள்பட்டை பேச ஆரம்பிக்கும். எதிரே பஸ் வந்தால் வளைவு முழுதும் அதற்கே சொந்தம். ஓரமாக நின்று வழிவிட்டுத்தான் போகவேண்டும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் கூட்டிக்கொண்டே வந்தான் மைத்துனன். "மாமா, பதினெட்டு விநாடி பின்னால் இருக்கிறோம். மெதுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே சமவெளியில் சரிக்கட்டிவிடலாம்" என்றான். அன்று அவன் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது.

சோளக்காட்டை எட்டியதும் காற்றே மாறிவிடுகிறது. கடல் மட்டத்துக்குமேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரம். மரங்களில் மிளகுக் கொடி சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கீழே காப்பிச் செடி. பலாவும் அன்னாசியும் வாழையும் எங்கு பார்த்தாலும். சரிவுகளில் படிப்படியாகச் சாமை வயல். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. அவனைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அதை நின்று பார்க்க முடியவில்லை. ராலிக்காரர்களுக்கு ஊரைப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. ஊரின் திருப்பங்கள்தாம் தெரியும்.

புத்தகத்தின்படி 91.8-ஆவது கிலோமீட்டரில் இடப்புறம் ஒரு மண்பாதை. வலப்புறம் சிறு கோயில். மூங்கில் புதர்களைத் தாண்டியதும் அப்படியே வந்தது கோயில். எதிரே இடப்புறம் மண்பாதை. இரவு பெய்த தூறலில் மண் ஈரமாயிருந்தது. எங்களுக்கு முன்னே சென்ற எட்டு வண்டிகளின் சக்கரத் தடங்களும் அதில் அழுத்தமாய்ப் பதிந்து கிடந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளும் கேளாமலே கையை நீட்டி, "எல்லா வண்டியும் இந்தப் பக்கந்தாங்க போச்சு" என்றாள்.

நாம் வண்டியைத் திருப்பப் போனோம். பின்னாலிருந்து, "மாமா, இது இல்லை" என்ற குரல் கேட்டது.

"கோயில் இருக்கிறதே?"

"இருக்கிறது. ஆனால் நம் மீட்டர் 92.9. அப்படியென்றால் நிஜ தூரம் 91.1 தான். இன்னும் எழுநூறு மீட்டர் போகவேண்டும்."

திரும்பிப் பார்த்தோம். அவன் முகம் வெளுத்திருந்தது. எட்டுத் தடங்களும் ஒரு கோயிலும் ஒரு சாட்சியும் ஒரு பக்கம். மூன்று முறை தவறியவனின் துண்டுக் காகிதம் ஒரு பக்கம். பத்தாவது வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து, தயங்காமல் இடப்புறம் திரும்பிப் போயிற்று. தவறான பாதையில் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே பன்னிரண்டு நிமிஷம் நஷ்டம். ஆனால் நம் மனத்தில் ஓடியது அபராதப் புள்ளி அல்ல. இப்போது இவன் சொல்லைத் தட்டினால், அது சரியாயிருந்தாலும் தப்பாயிருந்தாலும், இனி ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்வானா?

"உறுதிதானா?" என்று கேட்டோம்.

"உறுதி, மாமா."

நேரே போனோம். அந்த எழுநூறு மீட்டரை விவரிக்க நம்மிடம் வார்த்தை இல்லை. தடமே இல்லாத சாலை எத்தனை அகலமாகத் தோன்றுகிறது! மீட்டர் 93.6 காட்டியபோது பலா மரங்களுக்கிடையே இன்னொரு கோயில் வந்தது, முன்னதைவிடச் சிறியது. இடப்புறம் மண்பாதை. அதில் ஒரு தடமும் இல்லை. திரும்பி நானூறு மீட்டர் போயிருப்போம். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 11 விநாடி தாமதம். "நீங்கள்தான் முதல்" என்று அவர் சொன்னதும், பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு நம் கழுத்தில் பட்டது.

மற்றவர்கள் தவறியது எப்படி என்று மைத்துனனே பிறகு விளக்கினான். எங்கள் பிரிவு புதியவர்களுக்கானது. மீட்டரைத் திருத்தாதவர்களுக்கு 91.8 என்ற எண் முன்பே வந்து போயிருக்கும். கோயில் எங்கே, கோயில் எங்கே என்று தேடிக்கொண்டே வந்தவர்கள் கண்ணில் பட்ட முதல் கோயிலிலேயே திரும்பிவிட்டார்கள். பின்வந்தவர்கள் தடத்தை நம்பினார்கள்.

பாலைவனத்தில் இதே சங்கடம் பன்மடங்கு பெரிது. 1977-இல் பிரெஞ்சுக்காரரான தியெரி சபீன் என்பவர் ஒரு ராலியின் நடுவே லிபியப் பாலையில் மோட்டார் சைக்கிளுடன் வழி தவறி, தப்பிப் பிழைத்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் பாரிஸ்–டக்கார் ராலி. 2009 முதல் தென்னமெரிக்காவில் நடந்துவந்த அது, 2020 முதல் சவுதி அரேபியாவில் நடந்து வருகிறது. நம் நாட்டவர் சி. எஸ். சந்தோஷ் 2015-இல் அதில் 36-ஆவதாக முடித்தார். ஷொரணூர் வாலிபர் ஹரித் நோவா 2024-இல் 11-ஆவதாக வந்து, தம் பிரிவில் முதலிடமே பெற்றார். அங்கே தினமும் முதலில் புறப்படுகிறவனுக்கு முன்னே தடமே கிடையாது. அதனால் வழி திறந்து போகிறவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் நேரச் சலுகை தருகிறார்கள்.

முள்ளுக்குறிச்சிப் பக்கமாக மலையிறங்கி நாமகிரிப்பேட்டை வழியே சேலம் திரும்பினோம். அன்றைய கணக்கில் எங்கள் பிரிவில் நான்காம் இடம். மறுநாள் ஏற்காடு ஏறிக் குப்பனூர்ப் பாதையில் இறங்கியபோது நல்ல மழை. ஏழாம் இடத்துக்கு வந்துவிட்டோம். மைத்துனன் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. எங்கெங்கே எத்தனை விநாடி போயிற்று என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தான். மாமியாரிடமும் சொன்னான், அவரும் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

இத்தகைய ராலிக்குப் போக விரும்பும் நேயர்களுக்குப் பெரிய வண்டி தேவையில்லை. சாதாரண வண்டியே போதும். பிரேக்கும் டயரும் விளக்கும் சரியாயிருக்க வேண்டும். இருவருக்கும் நல்ல ஹெல்மெட். விநாடி முள் ஒத்துப்போகும் இரண்டு கடிகாரங்கள். நனைந்தாலும் அழியாமலிருக்கப் பென்சில். மார்கழியில் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.