பரிசாகக் கிடைக்கும் பங்காளிகள்

நார்வேயில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவார். அன்று திரையில் பத்துப் பன்னிரண்டு அமெரிக்கர்கள் மலைச்சரிவு ஒன்றில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். "இவர்களெல்லாம் எங்கள் ஆட்கள். இவர்களின் பாட்டனாரோ முப்பாட்டனாரோ இங்கிருந்து போனவர்" என்றார். எதற்காக ஓடுகிறார்கள் என்று கேட்டேன். "சொந்தக்காரர்களைப் பார்ப்பதற்கு" என்றார், சிரிக்காமல்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஆல்ட் ஃபார் நோர்கே'. 'எல்லாம் நார்வேக்காக' என்று பொருள். நார்வே மன்னரின் கொள்கை வாசகமும் இதுதான். 2010-ல் டிவிநோர்கே அலைவரிசையில் தொடங்கியது. நார்வே வம்சாவளி அமெரிக்கர்கள், அதுவும் நார்வே மண்ணை ஒருமுறைகூட மிதிக்காதவர்கள், போட்டியாளர்களாக வருகிறார்கள். ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுகிறார்கள். நாட்டின் சரித்திரம், சாப்பாடு, பழக்க வழக்கங்களை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். தோற்றவர் ஒவ்வொருவராக விமானம் ஏற, கடைசியில் மிஞ்சுபவருக்கு 50,000 டாலர். அதோடு இன்னொரு பரிசும் உண்டு. இதுவரை பார்த்திராத நார்வே உறவினர்கள் கூட்டமாக வந்து அவரை வரவேற்பார்கள். அடுத்த ஆண்டே ஸ்வீடனும் இதே பாணியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது.

இத்தனை சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் எப்படிச் சேர்ந்தார்கள்? 1825 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டாரேஷன்' என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. அக்டோபர் 9-ல் நியூயார்க் சேர்ந்தபோது 53 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் கப்பலைப் பின்தொடர்ந்தார்கள். 1882-ல் மட்டும் 28,000-க்கும் மேல். அப்போது நார்வேயின் மொத்த ஜனத்தொகையே இருபது லட்சத்தைத் தொடவில்லை.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: நிலம். நாட்டின் பரப்பில் சுமார் மூன்று சதவிகிதம்தான் உழவுக்கு ஏற்றது. பண்ணை உடைந்து துண்டுகளாகாமல் இருக்க மூத்த மகனுக்கே போகும் வழக்கம். இளையவர்கள் பிறர் பண்ணையில் குடிசை போட்டுக்கொண்டு, அந்த இடத்துக்கு வாடகையாக உடலுழைப்பைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் நிலம் கிடைக்கிறது என்று கடிதம் வந்தால் வேறென்ன செய்வார்கள்?

மறுநாள் ஹாமர் நகருக்கு ரயிலேறினேன். ஆஸ்லோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பாதி வழியில் இடதுபுறம் ம்யோசா ஏரி வந்து சேர்ந்துகொள்கிறது. நார்வேயின் மிகப் பெரிய ஏரி. அதன் கரையையொட்டி, ஹாமருக்குச் சற்று வெளியே, குடிபெயர்ந்தோர் அருங்காட்சியகம் இருக்கிறது. அமெரிக்கப் புல்வெளிகளில் நார்வேக்காரர்கள் கட்டிய மர வீடுகளைப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பிழைக்கப் போனவன் திரும்பவில்லை. அவன் கட்டிய வீடு திரும்பியிருக்கிறது.

அங்கேதான் விஸ்கான்சின்காரர் ஒருவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய புகைப்படம். அவரும் அந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தவர்தான். "தேர்வாகவில்லை. மலையில் ஓடச் சொன்னால் என் முழங்கால் கேட்குமா?" என்று சிரித்தார். பிறகு சொந்தக் காசில் கிளம்பி வந்துவிட்டாராம். பண்ணையைக் கண்டுபிடித்தாரா? கண்டுபிடித்தார். ஆனால் அங்கே இப்போது இருப்பவர்கள் உறவில்லை. அவர்களின் தாத்தா விலைக்கு வாங்கிய நிலம் அது. "வந்ததற்குக் காபி கொடுத்தார்கள். பழைய களஞ்சியத்தின் கதவைத் திறந்து காட்டினார்கள். கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டு வந்தேன்." கேமரா இல்லாத வெற்றி இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. நார்வே கிராமத்தானுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், இன்னாரின் மகன் என்ற பெயர், அதன்பின் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்தக் கடைசிப் பெயரும் மாறும். 1923-ல்தான் பரம்பரைப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குள் அமெரிக்கா போனவர்கள் பலர், கப்பலேறியபோது இருந்த பண்ணையின் பெயரையே அங்கே குடும்பப் பெயராக்கிக் கொண்டார்கள். கொள்ளுப்பேரனின் பெயரைத் தட்டினால் முகவரி கொட்டுகிறது.

ஆனால் முகவரி ஒன்றல்ல. 'ஹௌகன்' என்றால் மேடு, 'பாக்கன்' என்றால் சரிவு. மேடும் சரிவும் இல்லாத ஊர் நார்வேயில் எது? அப்போது துணைக்கு வருவது பாதிரியாரின் பதிவேடு. பிறப்பு, திருமணம், இறப்பு மட்டுமல்ல, ஊரை விட்டுப் போனவர்களையும் தேவாலயப் பதிவேட்டில் எழுதினார்கள். 1865, 1875, 1900 என வரிசையாக மக்கள்தொகைக் கணக்குகள் பெயரோடு இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் இவற்றையெல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. குடிசையில் கிடந்த கூலிக்காரனும் ஒரு வரியாக அதில் உயிரோடு இருக்கிறான்.

இரவு திரும்பியதும் வீட்டுக்காரப் பெண்மணியிடம் விஸ்கான்சின்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1880-களில் போனவர். பதினோரு கடிதங்கள், குதிரையோடு நிற்கும் ஒரு படம். அதன்பின் தகவல் இல்லை. "எங்களை யாரும் நிகழ்ச்சிக்குக் கூப்பிடவில்லை. அந்தத் தம்பியின் பேரன் யாராவது வந்து, முதல் வாரமே தோற்றுத் திரும்பியிருக்கலாம். அப்படியென்றால் இந்தப் பெட்டி யாருக்கு?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உறவைப் பரிசாக்கினால், தோற்றவருக்கு உறவு இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் திரையில் நாம் பார்ப்பது வருகிறவரின் கண்ணீரை. காத்திருந்தவர் கடைசிக் காட்சியில் கொடி அசைக்க வருகிறார், அவ்வளவுதான். நாம் காத்திருந்தவர்களின் பக்கம். அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தப் பெட்டிமேலேயே கண் போனது.

ஊரில் என் மேஜை இழுப்பறையிலும் ஒரு தாள் கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஒருவர் அனுப்பியது. 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை, கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. தாள், கப்பல் பட்டியலின் நகல்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். நான் மொழிபெயர்ப்பாளன் என்பதால், குமாஸ்தாவின் ஆங்கிலத்திலிருந்து ஊர்ப் பெயரை மீட்டுத் தரச் சொல்லியிருந்தார்.

ஊர் 'புதூர்'. ஜில்லா வட ஆற்காடு. தாலுகா இருந்த கட்டத்தில் மை பரவியிருந்தது. வட ஆற்காட்டில் எத்தனை புதூர்! முடியாது என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு மறந்துபோனேன்.

ஹாமரில் நின்றபோது உறுத்தியது இதுதான். நார்வேயில் போனவனின் பெயரை எழுதி வைத்தது அவன் பிறந்த ஊரின் பதிவேடு. நம்மவரின் பெயரை எண் போட்டு எழுதி வைத்தது அவரைக் கூலிக்கு எடுத்துக்கொண்ட சர்க்கார். புதூரில் எவரிடமாவது தகரப் பெட்டி இருக்குமா, தெரியாது. சொல்வழியாகவாவது ஒரு பெயர் மிஞ்சியிருக்கலாம். கப்பலேறிப் போனவர் ஒருவர் உண்டு என்று சொல்லும் கிழவி எந்தப் புதூரிலும் இல்லை என்று நான் எப்படி முடிவு கட்டினேன்?

திரும்பி வந்ததும் இழுப்பறையைத் திறந்து டர்பன்காரருக்கு எழுதினேன். தாலுகா தெரியும்படி நல்ல நகலாக ஒன்று எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் இருந்தால் அந்தப் பக்கங்களையும். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போயிருக்கக்கூடும். ஓட வேண்டிய மலை எதுவும் இல்லை. வேலூர்ப் பக்கம் சில பஸ்கள் மாறி ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.