தப்பிப்போன தவணை



என் மூத்த மகளுக்கு இரண்டாம் மாத ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் வந்தது. மறுநாளே தணிந்துவிட்டது. ஆனால் என் மனம் தணியவில்லை. நான்காம் மாதத் தவணைக்கு நான் அனுப்பவில்லை. "அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்றேன். அது தவக்குல் அல்ல, பயம் என்பது பின்னர்தான் விளங்கியது.

விளக்கியவர் என் சாச்சா. முல்லைத்தீவில் சிறுவனாக இருந்தபோது போலியோ கண்டு ஒரு கால் சூம்பியவர். "எனக்குக் கிடைக்கல்ல மகன். உன்ட பிள்ளைக்கு வீடு தேடி வருது, நீ வேணாமெண்டுறாய்" என்றார். நான் தலைகுனிந்தேன்.

நான் ஓதியது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில். அதே ஊரின் சீ.எம்.சி. வைத்தியசாலையில் டாக்டர் ஜேக்கப் ஜோன் பணியாற்றினார் என்பதைப் பின்னாளில்தான் வாசித்தறிந்தேன். அவர் குழந்தை வைத்தியர். வைரஸ் கிருமிகளை ஆராய்ந்தவர். மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற சில பிள்ளைகளுக்கும் போலியோ வந்ததைக் கண்டு, அவர் தாய்மாரைக் குறை கூறவில்லை. பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார். மேலைநாட்டில் போதுமான மூன்று தவணை நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் போதாது என்று 1970களிலேயே காட்டினார். கூடுதல் தவணை வேண்டும், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார்.

நம் நாட்டில் 1995 முதல் அவ்வாறான தேசிய சொட்டு மருந்து நாட்கள் நடந்தன. போர் நடந்த வடக்கு கிழக்கிலும் அந்நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்ததுண்டு. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் காணப்பட்டார். இந்தியாவில் 2011இல். 2014இல் இரு நாடுகளும் போலியோ அற்றவை எனச் சான்று பெற்றன.

நோயைக் குணப்படுத்திய வைத்தியருக்கு நாம் நன்றி சொல்கிறோம். நோயே வராமல் தடுத்தவரை யார் தேடிப் போகிறோம்? ஓடி விளையாடும் பிள்ளைக்கு, தான் எதிலிருந்து தப்பியது என்பதே தெரியாது.

மறுவாரமே மகளைக் கிளினிக்குக் கொண்டு போனேன். மருத்துவமாது கடிந்து பேசவில்லை. "விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னார்.

சகோதர சகோதரிகளே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். தவணை ஏதும் தப்பியிருந்தால் நாளையே போங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தை அருள்வானாக!