பச்சை சொன்ன பொய்

தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில், 2011-ல், என் மனைவி அந்தச் செடியை நர்சரியில் வாங்கினாள். வடக்கே அதற்கு மோர்பங்கி என்று பெயர். மயில் தோகை என்று அர்த்தம். ஊசியிலை மர இனம். கிளைகள் விசிறி விசிறியாக நிமிர்ந்து நிற்கும். வாசலில் ஜோடியாக வைத்தால் அதிர்ஷ்டம் என்றார் நர்சரிக்காரர். எங்கள் பால்கனியில் ஒன்றுக்குத்தான் இடம்.

குட்டை ரகம் என்றால் வளரவே வளராது என்று நினைத்திருந்தேன். வளரும், மிக மெதுவாக. இப்படிப்பட்ட ரகங்கள் பல தற்செயலாகக் கிடைத்தவை. 1904-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இரண்டு தாவரவியலாளர்கள் கண்டெடுத்த குட்டை ஸ்புரூஸின் வாரிசுகள் இன்று பல நாடுகளில் தொட்டிகளில் நிற்கின்றன. தில்லி வெயிலை அது தாங்காது. மோர்பங்கி தாங்கும்.

தாங்காதது என் அக்கறையை. 2019 மே மாதம் மகளின் பிரசவத்துக்காக மனைவி பெங்களூர் போனாள். "விரலை மண்ணுல விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வெயிலைப் பார்த்துப் பயந்து நான் காலையும் மாலையும் ஊற்றினேன். தரை அழுக்காகக் கூடாதென்று தொட்டிக்கு அடியில் தட்டு வேறு. அதில் தண்ணீர் தேங்கியே நின்றது. போனில் கேட்கும்போதெல்லாம் "ஜம்முனு இருக்கு" என்றேன். பொய்யில்லை. பச்சையாகத்தான் இருந்தது.

ஜூலையில் திரும்பியவள் பெட்டியைத் திறக்குமுன் பால்கனிக்குப் போனாள். ஒரு கிளையைத் தடவினாள், சரசரவென்று உதிர்ந்தது. தொட்டியைக் கவிழ்த்தால் நாற்றம். பாதி வேர் கறுத்து அழுகியிருந்தது. வெட்டிய கிறிஸ்துமஸ் மரம் வாரக்கணக்கில் பச்சையாக நிற்பதில்லையா? இந்த இனத்தில் வேர் செத்த செய்தி இலைக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

அழுகியதை வெட்டி, மணல் கலந்த மண்ணில் மாற்றி நட்டாள். ஒரு பக்கம் பிழைத்தது. மறுபக்கம் பழுப்பாகிவிட்டது. செம்பருத்தியை ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். மோர்பங்கியின் காய்ந்த கட்டையிலிருந்து துளிர் வராது.

பச்சைப் பக்கத்துக்கு வெயில் வேண்டும். அதனால் அதை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தாள். பழுப்புப் பக்கம் என் நாற்காலியைப் பார்த்தபடி இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது தினமும் விரலை விட்டுப் பார்க்கிறேன். தட்டை எடுத்துவிட்டேன். மகள் போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்றால் உடனே வைத்துவிடுவதில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறேன்.